மண் பேசுமா? காந்தி மார்க்கெட் முதல் உறையூர் வரை

திருச்சிராப்பள்ளிக்கு வரும் அன்பர்கள் மலைக்கோட்டையில் ஏறுவர். திருவரங்கத்தின் இராஜகோபுரத்தை அண்ணாந்து நோக்குவர். நம்மவராயின் லூர்து அன்னை ஆலயத்திலும், பாலக்கரை உலக மீட்பர் பசிலிக்காவிலும் மன்றாடிவிட்டு ஊர் திரும்புவர். காந்தி மார்க்கெட்டைக் காண வருவோர் இலர். அங்கு வாங்க வருவோரே உளர். ஆயினும், பழங்காலத்தை மனிதன் எவ்வாறு அறிகிறான் என்ற வினாவுக்கு விடை தேட இந்நகரில் இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டைப் பகுதியை ஒட்டித் தோன்றி, இருபதாம் நூற்றாண்டில் விரிவு பெற்று, அண்ணல் காந்தியடிகளின் பெயரைத் தாங்கி நிற்பது இச்சந்தை. ஊர் உறங்கும் வேளையில் இது விழித்துக்கொள்கிறது. லாரிகள் வந்து நிற்கின்றன. தலையில் சும்மாடு கட்டிய தொழிலாளர் மூட்டைகளை இறக்குகின்றனர். காவிரிக் கரையின் வாழைத்தார், சாக்குச் சாக்காய் வெங்காயம், ஈரத்துணி போர்த்திய வெற்றிலைக் கட்டு, குவியல் குவியலாய்ப் பூ என்று அடுக்கப்படுகின்றன. விடியுமுன் விலை பேசி முடிந்துவிடுகிறது. வெயில் ஏறும்போது எஞ்சி நிற்பவை சருகும் சகதியும் கிழிந்த சாக்குமே.

அந்த மிச்சத்தைச் சற்றே உற்று நோக்குவோம். ஏனெனில் தொல்லியல் அறிஞனுக்குக் கிடைப்பதெல்லாம் அந்த மிச்சம் மட்டுமே.

அழிவன எவை? நிற்பன எவை?

இச்சந்தை முழுவதும் மண்ணுள் புதைந்து, ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் இதனைத் தோண்டுவதாகக் கொள்வோம். அவருக்கு என்ன கிடைக்கும்? எந்தப் பொருளுக்காக இச்சந்தை இருந்ததோ அந்தப் பொருள் கிடைப்பது அரிது. கீரையும் கத்தரியும் மல்லிகையும் மட்கிவிடும். வாழைநாரும் மூங்கிற் கூடையும் மறையும். இரும்புப் படிக்கல், கண்ணாடிச் சில்லு, நாணயம், பிளாஸ்டிக் தாள், லாரியின் உடைந்த உறுப்பு, சிமெண்டுத் தரை ஆகியவை நிற்கும். நடுவில் ஒரு மனிதரின் சிலையும் கிடைக்கலாம்.

இவற்றைக் கையில் ஏந்திய அந்த அறிஞர் என்ன எண்ணுவார்? ஆலயங்களே ஊரின் உயிர் என்ற கொள்கையுடையவராயின், "சிலை இருக்கிறது; இது வழிபாட்டிடம்" என்பார். போரே வரலாற்றை இயக்குகிறது என்பவராயின், "கோட்டையருகே இருப்பதால் இது படையின் பண்டகசாலை" என்பார். வாணிகமே அடிப்படை என்பவர் படிக்கற்களை எடுத்து வரிசையாக வைத்து, "இது சந்தை" என்பார். மூவர் கையிலும் இருப்பது ஒரே மண்தான், வினாக்களே வேறு. தோண்டுமுன்னரே உள்ளத்தில் இருக்கும் இவ்வினாவையும் எதிர்பார்ப்பையுமே அறிஞர்கள் கோட்பாடு என்கின்றனர். கோட்பாடின்றி எவரும் தோண்டுவதில்லை. தம்மிடம் கோட்பாடே இல்லை என்று கருதுபவரிடம் தாம் அறியாத கோட்பாடு ஒன்று இருக்கிறது என்பதே உண்மை.

கட்டடம் கிடைத்தால் ஐயம் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டா. திருச்சியை அடுத்த கள்ளிக்குடியில் பெருஞ்செலவில் புதிய வணிக வளாகம் எழுப்பப்பட்டபோது, காந்தி மார்க்கெட் வணிகருள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர முன்வரவில்லை. கட்டடத்தை மட்டும் காணும் பிற்கால அறிஞர், "ஊரின் பெருஞ்சந்தை இங்கேயே இருந்தது" என்று எழுதிவிடக் கூடும். மாறாக, 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, மொத்த வணிகம் பொன்மலைப் பக்கம் ஜி கார்னர் மைதானத்தில் நடைபெற்றது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு உணவளித்த அந்த வெட்டவெளிச் சந்தைக்கு மண்ணில் என்ன சான்று எஞ்சியிருக்கும்? கட்டடம் இருந்தும் வாணிகம் இல்லை. வாணிகம் இருந்தும் கட்டடம் இல்லை. மண்ணில் எஞ்சும் பொருளுக்கும் மாந்தர் வாழ்ந்த வாழ்வுக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியை ஆராய்வதே 1970-களிலிருந்து தொல்லியலின் ஒரு தனித் துறையாய் வளர்ந்திருக்கிறது.

அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜே என்ற பேராசிரியர் 1973-இல் ஒரு விந்தையான ஆய்வைத் தொடங்கினார். டூசான் நகரத்து வீடுகளின் குப்பையைத் தம் மாணவரைக் கொண்டு பிரித்து எண்ணச் செய்தார். வீட்டாரிடமும் வினாக்கள் கேட்கப்பட்டன. தாங்கள் அருந்தும் மதுவின் அளவை மக்கள் குறைத்தே கூறினர். குப்பையிலிருந்த காலிக் குவளைகளோ மெய்யான அளவைக் காட்டின. பின்னர்ப் பெருங்குப்பை மேடுகளையும் அவர் தோண்டினார். காகிதம் விரைவில் மட்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு மாறாக, பல பத்தாண்டுகளுக்கு முந்திய செய்தித்தாள்கள் படிக்கும் நிலையிலேயே வெளிவந்தன. மனிதர் வாயும் தவறலாம்; அறிஞர் எண்ணமும் தவறலாம் என்பதைக் குப்பை எடுத்துரைத்தது.

புலியில்லாப் புலிவார்டு

காந்தி மார்க்கெட்டை அடுத்துச் செல்வது கீழப் புலிவார்டு ரோடு. நகரின் மறுபுறம் மேலப் புலிவார்டு ரோடு உண்டு. இப்பெயரைக் கேட்கும் சிறுவர், "இங்கே புலி இருந்ததா?" என்று வினவுவது இயல்பே. காடும் புலியும் சோழரின் புலிக்கொடியும் சேர்த்து ஓர் அழகிய கதையைப் புனைந்துவிடவும் இயலும். உண்மையோ வேறு. "புலிவார்டு" என்பது "பூல்வார்டு" என்ற அயற்சொல்லின் திரிபு. மரங்கள் அடர்ந்த அகன்ற சாலை என்பது அதன் இன்றைய பொருள். ஆனால் அச்சொல்லின் வேர், கோட்டை மதிலைக் குறித்த பழைய டச்சுச் சொல்லாகும். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி பாரிஸ் நகர மதில்களை இடித்து அவ்விடத்தில் சாலைகள் அமைத்தபோது, மதிலின் பெயர் சாலைக்கு வந்துவிட்டது.

திருச்சியிலும் அதுவே நிகழ்ந்தது. மலையைச் சூழ்ந்திருந்த கோட்டை மதில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது, அதன்மேல் சாலைகள் அமைந்தன. மேற்கே மெயின்கார்டு கேட் என்னும் வாயில் மட்டும் எஞ்சி நிற்கிறது. ஆகவே, புலி என்று நாம் மயங்கிய சொல்லுக்குள் மறைந்துபோன மதிலே ஒளிந்திருக்கிறது! சொல்லும் ஒரு தொல்பொருளே. அதை நமக்குப் பிடித்த கதையோடு பொருத்தினால் புலி கிடைக்கும். பொறுமையாய் வேர் தேடினால் கோட்டை கிடைக்கும்.

கண்ணும் இவ்வாறே மயங்கும். திருவரங்கத்தில் அனைத்தினும் உயர்ந்து நிற்கும் தெற்கு இராஜகோபுரமே அனைத்தினும் பழமையானது என்று புதியவர் கருதுவர். அதுவோ 1987-இல் நிறைவெய்தியது. அக்கோயிலின் கோபுரங்களுள் இளையது.

வேற்றூரில் தைத்த சட்டை

தொல்லியலின் முதற் பெருங்கோட்பாடு ஓர் அருங்காட்சியகத்தில் பிறந்தது. டென்மார்க்கு நாட்டுக் கோபன்ஹேகன் நகரில், குவிந்து கிடந்த பழம்பொருள்களை ஒழுங்குபடுத்த முனைந்த தாம்சன் என்பவர், அவற்றைக் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என மூன்றாகப் பகுத்தார். 1836-இல் அச்சேறிய அவரது கையேட்டின் வழியாக அப்பகுப்பு உலகெங்கும் பரவியது. நம் பிள்ளைகளின் பாடநூலிலும் அது இடம்பெற்றிருக்கிறது.

அது பெரும்பயன் விளைத்த பகுப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால், வேற்றூரில் ஒருவர் உடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை எல்லார்க்கும் பொருந்துமா? தென்னகத்தில் கல்லுக்கும் இரும்புக்கும் இடையே தனித்ததொரு வெண்கலக் காலம் தெளிவாய்க் காணப்படவில்லை. 1863-இல் சென்னைப் பல்லாவரத்தில் பழைய கற்கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட், புதிய கற்காலத்தை அடுத்து இங்கே இரும்புக் காலமே வந்தது என்று கருதினார். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ அகழ்ந்தபோது, வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளும் ஒரே தாழிக்காட்டில் கிடைத்தன. 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, சிவகளையில் இரும்பின் காலத்தை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டு சென்றிருக்கிறது. இதனை மேலும் பல சான்றுகளால் சோதிப்பது அறிஞர் கடமை. எனினும், ஒரு நாட்டின் ஏணிப்படிகளை அப்படியே பெயர்த்து வந்து மற்றொரு நாட்டில் சாத்திவிட இயலாது என்பது தெளிவு.

உறையூரும் அரிக்கமேடும்

காந்தி மார்க்கெட்டிலிருந்து மேற்கே மூன்று நான்கு கிலோ மீட்டர் சென்றால் உறையூர். முற்காலச் சோழரின் தலைநகர். தறியோசை நிறைந்த ஊர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட "பெரிப்ளூஸ்" என்னும் கடல்வழிக் கையேடு, "அர்கரு" என்ற ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து.

இவ்வுறையூரில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1965 முதல் 1969 வரை அகழ்வாய்வு நடத்தினர். பின்னாளில் அதன் அறிக்கையை வெளியிட்டவர் பேராசிரியர் கே. வி. ராமன். கருப்பு சிவப்புப் பானை ஓடுகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள், ரௌலட் எனப்படும் மெல்லிய கலத்தின் ஓடுகள் முதலியன கிடைத்தன. செங்கல்லால் கட்டிய தொட்டி ஒன்றும் வெளிப்பட்டது. அது சாயத் தொட்டி என்று விளக்கப்பட்டது.

அது சாயத் தொட்டி என்று எவ்வாறு அறிந்தனர்? புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அதைப் போன்ற தொட்டிகள் முன்னரே கிடைத்திருந்தன. அவை துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டவை என்று அங்கே அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் விளக்கியிருந்தார். தமிழகத்துத் துணியின் புகழைப் பழைய நூல்கள் பேசின. நூல் கூறியதைத் தொட்டி மெய்ப்பித்தது. தொட்டி இன்னதென்பதை நூல் உணர்த்தியது. இவ்விளக்கம் பொருத்தமானதே. ஆயினும் இதில் மண் கூறியது எவ்வளவு, நாம் கூட்டியது எவ்வளவு என்று பிரித்துணர்வது நலம். நெசவுக்குப் பெயர்பெறாத ஓர் ஊரில் அதே தொட்டி கிடைத்திருந்தால் அதற்கு வேறு பெயர் இட்டிருப்போம் அல்லவா?

அரிக்கமேட்டின் கதை இன்னும் ஆழ்ந்த பாடம் தருவது. அவ்வூர் அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1940-களின் தொடக்கத்தில் அங்கு அகழ்ந்தவருள் நம் திருச்சபையின் குருவான அருட்தந்தை ஃபொஷேயும் ஒருவர். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பேற்ற வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் உரோமர்களின் மதுச்சாடித் துண்டொன்றைக் கண்டு வியந்தார். அது புதுச்சேரியிலிருந்து வந்தது என அறிந்து அங்குச் சென்றார். இத்தாலிய நாட்டு அரெட்டைன் என்னும் செந்நிறக் கலத்தின் ஓடுகளை அங்கே கண்டார். அவற்றின் காலம் ஐரோப்பாவில் நன்கு அறியப்பட்டது, கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதி. ஆண்டு தெரியாத தென்னகப் பானை ஓடுகளுக்கெல்லாம் இதனால் ஒரு காலக்கணக்குக் கிடைத்துவிடும் என்று உணர்ந்த வீலர், 1945-இல் அகழ்ந்தார். ஆழக் குழிகளை அளவாய் வெட்டி, மண் அடுக்குகளை வரிசையாய்ப் பதிந்த அவரது முறைமை இந்தியத் தொல்லியலுக்குக் கிடைத்த பெருங்கொடை.

ஆனால் அவர் உள்ளத்தில் ஒரு கோட்பாடு இருந்தது. நாகரிகம் ஓரிடத்தில் பிறந்து மற்ற இடங்களுக்குப் பரவுகிறது என்பது அக்காலத்து அறிஞர் பலரின் எண்ணம். ஆகவே அரிக்கமேட்டை அவர் இந்திய உரோம வாணிக நிலையமாகக் கண்டார். சிற்றூராய் இருந்த இடம் அயலாரின் வருகையால் நகரானது என்று கருதினார். அழகிய ரௌலட் கலமும் மத்திய தரைக் கடல் நாடுகளிலிருந்து வந்ததெனவே கொண்டார்.

1947-க்குப் பின் அங்கே அகழ்ந்த பிரெஞ்சு அறிஞர் கசால், உரோமக் கலங்களுக்கு முந்திய குடியிருப்பின் தடயங்களைக் காட்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற அறிஞர், உறையூர் ஆய்வில் நாம் சந்தித்த கே. வி. ராமன் அவர்களோடும் பிறரோடும் இணைந்து மீண்டும் அகழ்ந்தார். உரோமரின் பெருவாணிகம் தொடங்குமுன்னரே அது வாழ்ந்துகொண்டிருந்த துறைமுகம் என்பதும், அவ்வாணிகம் தளர்ந்த பின்னரும் அது நெடுங்காலம் வாழ்ந்தது என்பதும் தெளிவாயின. ரௌலட் கலத்தின் களிமண்ணை ஆய்வகத்தில் சோதித்தபோது, அது இந்திய மண்ணே என்று புலப்பட்டது. வங்கம் முதல் இலங்கை வரை, கடல் கடந்து பாலித் தீவு வரை அக்கலம் பரவியிருப்பதும் அறியப்பட்டது.

அன்பர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஓடு மாறவில்லை. வீலர் கண்டதும் பெக்லி கண்டதும் ஒரே வகை ஓடுகளே. வினா மாறியது. "அயலார் இங்கே எதைக் கொண்டுவந்தனர்?" என்று கேட்டபோது நம் முன்னோர் பின்னணியில் நின்றனர். "இங்கே இருந்தவர் எதைச் செய்தனர்?" என்று கேட்டபோது குயவரும் நெசவாளரும் மாலுமியரும் முன்னே வந்தனர். ஒரு கோட்பாடு பல தலைமுறை மக்களின் உழைப்பையே மறைத்துவிட வல்லது. மற்றொன்று அதை மீட்டுத்தர வல்லது.

1960-களில் அமெரிக்கரான லூயிஸ் பின்ஃபோர்டு, தொல்லியல் வெறும் பொருட்பட்டியலாய் நின்றுவிடலாகாது. கருதுகோளைச் சோதித்துப் பார்க்கும் அறிவியலாக வேண்டும் என்று வாதிட்டார். 1980-களில் ஆங்கில அறிஞர் இயன் ஹாடர் முதலியோர், சோதிப்பவரும் ஒரு காலத்தின் பிள்ளையே. அவர் சார்பும் விடையில் கலக்கும் என்றனர். இவ்விரண்டும் ஒன்றையொன்று வெட்டுவன போல் தோன்றினும் இரண்டும் நமக்கு வேண்டும். சான்றைச் சோதிக்கும் துணிவும் வேண்டும். தன்னைச் சோதிக்கும் தாழ்ச்சியும் வேண்டும்.

எரிகோவின் மதில்

இது விவிலியம் வாசிக்கும் நம்மையும் தொடுகிறது. 1930-களில் ஜான் கார்ஸ்டாங் எரிகோவில் அகழ்ந்து, வீழ்ந்த மதில் ஒன்றைக் கண்டு, யோசுவா காலத்து மதில் இதுவே என்று அறிவித்தார். நம்பிக்கையாளர் மகிழ்ந்தனர். 1952 முதல் 1958 வரை அங்கே மீண்டும் அகழ்ந்தவர் கேத்லீன் கென்யன் அம்மையார். இவர் வீலரிடம் பயின்றவர். அரிக்கமேட்டில் கையாண்ட அதே அடுக்காய்வு முறையைச் செம்மைப்படுத்தியவர். கார்ஸ்டாங் கண்ட மதில் அவர் கருதியதைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முந்தியது என்று அவர் முடிவு செய்தார்.

விசுவாசம் இதனால் வீழ்ந்ததா? வீழவில்லை, அது எந்நாளும் செங்கல்லின்மேல் நின்றதன்று. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1943-இல் வெளியிட்ட விவிலிய ஆய்வு பற்றிய சுற்றுமடல், பழங்கால மக்களின் எழுத்து வகைகளையும் தொல்லியல் முடிவுகளையும் ஆராயுமாறு அறிஞரை ஊக்குவித்தது. வேண்டியதை முன்னரே முடிவு செய்துகொண்டு மண்ணிடம் ஒப்பம் கேட்பது விசுவாசமும் ஆகாது, அறிவும் ஆகாது.

இதே எச்சரிக்கை நம் மொழிப்பற்றுக்கும் உரியது. 2014-இல் தொடங்கிய கீழடி அகழ்வாய்வு வைகைக் கரையின் செங்கற் கட்டுமானங்களை வெளிக்கொணர்ந்தது. 2019-இல் வெளியான தமிழகத் தொல்லியல் துறையின் அறிக்கை, ஒரு மாதிரியின் காலத்தை கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று கண்டது. தமிழர் நெஞ்சம் நிமிர்ந்தது, நிமிரட்டும். ஆயினும், அன்று உரோமரின் பெருமைக்காக ஓடுகளை வளைத்தது பிழையாயின், இன்று நம் பெருமைக்காக அவற்றை வளைப்பதும் பிழையே. அதே போல், நம் பெருமையாய் அமைந்துவிட்டது என்பதற்காகவே ஒரு சான்றை ஐயுறுவதும் நேர்மையாகாது. சான்று எவர் பக்கம் சாய்கிறது என்று பாராமல், எவ்வளவு தூரம் நம்மைத் தாங்கும் என்று பார்ப்பதே வழி.

இல்லத்தில் தொடங்குவோம்

சந்தையில் விடியற்காலையில் மூட்டை சுமப்பவரும், நடைபாதையில் கீரைக்கட்டு விற்கும் தாய்மாரும் மண்ணில் ஏறக்குறைய ஒன்றையும் விட்டுச் செல்வதில்லை. அரசர் கல்லில் எழுதினர். செல்வர் செங்கல்லில் கட்டினர். ஏழையின் உழைப்பு கீரையைப் போல் அன்றே மட்கிவிடுகிறது. கண்டெடுத்தது மட்டுமே வரலாறு என்ற கோட்பாட்டை ஏற்றால், உலகில் பெரும்பாலோர் வாழவே இல்லை என்றாகிவிடும். கிடைக்காதவரையும் நினைவில் வைத்துத் தேடுவதே அறிவோடு அன்பையும் சேர்த்த ஆய்வு.

இத்தகைய தேடலை ஒவ்வொரு குடும்பமும் செய்யலாம். பரணிலுள்ள பழைய நிழற்படத்தின் பின்புறம், அதில் இருப்பவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் இன்றே எழுதி வையுங்கள். பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் உங்கள் பாட்டனார் பெயர் இருக்கிறதா என்று பங்குத் தந்தையிடம் பணிவுடன் கேட்டுப் பாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் எழுத்து மங்கிய சிலுவைகளைப் பிள்ளைகளோடு சென்று படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியரிடம் "எந்த ஊர், என்ன சாதனை" என்று மட்டும் கேளாமல், "என்ன வேலை செய்தீர்கள், என்ன உண்டீர்கள், யாரோடு சந்தைக்குப் போனீர்கள்" என்று கேளுங்கள். கேள்வி மாறினால் கிடைக்கும் வரலாறும் மாறும். உறையூரின் ஓடுகள் ஈராயிரம் ஆண்டு காத்திருந்தன. நம் இல்லத்து முதியோர் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்கள்.